தையல் தங்கராசு செத்த விதம்

இந்த ஊரில் சினிமாவில் நடிக்காதவர்கள் குறைவு. நடித்ததை வெளியில் சொல்லாதவர்கள்தான் அதிகம். பாண்டி பஜாரில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கலவரக் காட்சியில் ஓடியவர், கதாநாயகிக்குக் குடை பிடித்தவர், கோர்ட் சீனில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் என்று யாராவது ஒருவர் உங்களை இடித்துக்கொண்டு போவார். நான் அந்த வரிசையில் சற்று மேலே. எனக்குப் படத்தில் பெயர் உண்டு, வசனம் உண்டு, சாவும் உண்டு. அந்தச் சாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தி.நகரில் எங்களுக்கு மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்குத் தோதான ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துத் தருவோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஹாலில் அவரைக் கிடத்தியபோது அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. இறுகிக் கிடந்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சோறு வடித்தாள், துணி மடித்தாள், ஓடுகிற டிவியின் முன்னால் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் இப்படியே போனது. நானும் என் மனைவி மீனாவும் என்னென்னவோ செய்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோபி கடைக்கு வந்தான். மயிலாப்பூர்க்காரன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து தேய்ந்து, கடைசியில் ஒரு தயாரிப்பாளரைப் பிடித்திருந்தான். கைதி உடுப்புக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்றான். விலை குறைந்ததில் விலை குறைந்தது எதுவோ அது. நான் ஜாக்கெட் லைனிங் துணியை எடுத்துப் போட்டேன். அதைத் தடவிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சி, நீ ஏன் நடிக்கக் கூடாது?"

(என் முகத்தில் ஏதோ கண்டுதான் கேட்டான் என்று நான் இன்றுவரை நம்புகிறேன். துணிக்குப் பில் போடாமல் இருக்கத்தான் கேட்டான் என்பது மீனாவின் கட்சி.)

படத்தின் பெயர் 'ஆயிரம் பானை'. கதை இதுதான். ஊருக்கு வெளியே ஒரு கும்பல் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறது. போலீஸில் பாதிப் பேர் அவர்கள் பக்கம். ஒரு நேர்மையான ஜெயிலர், ஆயுள் கைதிகள் ஐந்து பேரை ரகசியமாக வெளியே விட்டு, கும்பலை ஒழித்துவிட்டுப் பொழுது விடிவதற்குள் திரும்பி வரச் சொல்கிறார். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஜெயிலருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதான் மச்சி கதையோட ஆழமே" என்றான் கோபி. நான் அந்த ஐவரில் ஒருவன். ஜெயிலில் தையல் வேலை பார்ப்பவன். பெயர் தையல் தங்கராசு.

ஜெயில் எங்கே என்றால் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. தகரக் கூரையும் இரும்பு கேட்டும் இருந்ததால் அதுவே மத்திய சிறை. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் டீ குடிக்கப் போகும்போது மட்டும்தான் சத்தம் நிற்கும். ஆகவே எங்கள் கோபம், சபதம், குடும்ப சோகம் எல்லாவற்றையும் அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பேசிவிட வேண்டும். நாள் வாடகைக்கு நடிக்க வந்த ஜெயிலர் ஒருமுறை நீதியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது லேத் ஓட ஆரம்பித்துவிட்டது. படத்தில் நீதி பாதியில் நிற்பதை நீங்கள் பார்க்கலாம்.

சாராயக் கும்பலின் இடம், வேளச்சேரியைத் தாண்டி சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு காலி மனை. ஆயிரம் பானை என்று தலைப்பே தவிர, பட்ஜெட்டில் வந்தது ஒரு டஜன். ஒவ்வொரு முறை உடைத்த பிறகும் உதவியாளர்கள் குந்தி உட்கார்ந்து பசை போட்டு ஒட்டுவார்கள். அதனால் நாங்கள் பானையை உடைக்கும்போது ஒட்டுவதற்கு வசதியாக உடைக்க வேண்டும் என்று உத்தரவு. ரௌத்திரத்தோடும் பொறுப்போடும் ஒரே நேரத்தில் கட்டையை ஓங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓங்கியவர்களுக்குத்தான் தெரியும். பானைக்குள் சாராயத்துக்குப் பதில் அரிசிக் கஞ்சித் தண்ணீர். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "ஒரு கிளாஸ் இன்னா வெலை நைனா?" என்று கேட்டார். கஞ்சி என்று சொன்னோம். நம்பாமல் வாங்கிக் குடித்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் படத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். கடைசிப் பாராட்டும் அதுதான்.

தண்ணீரில் விழுந்து புரளும் சண்டையும் ஒன்று இருந்தது. லைனிங் துணி நனைந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஆனால் நடிகனாகிவிட்ட பிறகு துணி வியாபாரி மாதிரிப் பேசுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சண்டை முடிந்து எழுந்தபோது ஐந்து கைதிகளின் கால்சட்டையும் சுருங்கி முழங்காலுக்கு ஏறி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு படம் முழுவதும் நாங்கள் ஐவரும் மார்புக்கு மேலேதான் தெரிவோம். அதைத் தன் தனி பாணி என்று கோபி சொல்லிக்கொண்டான்.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்வேன். மீனா விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, தானாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் படத்துல நீ சாவ மாட்டேல்லா?"

இரண்டு வருஷத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். கதைப்படி தங்கராசு கடைசிச் சண்டையில் கத்திக்குத்து வாங்கிச் சாகிறான். கடைசிக் காட்சியில் ஜெயில் வாசலில் அவன் பிணத்தைக் கிடத்தி, மற்ற நால்வரும் தலைகுனிந்து நிற்க வேண்டும். நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். கரண்டி அசையாமல் நின்றது.

"நான் கடைசி வரைக்கும் இருக்கேன்மா" என்றேன்.

"அப்பம் நானும் வந்து பாக்கேன்" என்றாள்.

மீனா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பிணக் காட்சியை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை வாசலில் எடுத்தார்கள். பெஞ்சில் படுக்க வைத்து, மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்து, மூக்கில் பஞ்சு அடைத்து, தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்தார்கள். (வாய்க்கட்டும் எங்கள் கடை லைனிங்தான்.) கண்ணை மூடிக் கிடக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு இதே முடிச்சுகளை நான்தான் போட்டேன். எச்சில் விழுங்கினேன். பிணத்துக்குத் தொண்டை அசைகிறது என்று கோபி கத்தினான்.

ஷாட் முடிந்ததும் நான் எழப் போனேன். கேமராமேன் சண்முகம் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். அவர் இந்தத் தொழிலில் ஊறியவர்.

"இன்னா தம்பி, அப்டியே எந்திரிக்கிற? சிரிச்சிட்டு எந்திரி. கேமரா ஓடிக்கினுதான் கீது."

எதற்கு என்று கேட்டேன். செத்தவனாக நடித்தால், கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டுமாம். அப்போதுதான் அந்தச் சாவு நம் மேல் ஒட்டாதாம். காலங்காலமாக இதுதான் வழக்கமாம். சிரிக்காமல் போனவர்கள் இரண்டு பேரைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. படுத்தபடியே கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து, இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன். காசு நெற்றியிலிருந்து மடியில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

படத்தை வெட்டி ஒட்டியவர் பத்ரி. அவருக்கு மயிலாப்பூரில் கல்யாண வீடியோ தொழில். சினிமாவுக்குப் புதிது. ஆனால் கம்ப்யூட்டர் சொந்தம், கோபிக்குத் தூரத்து உறவு என்பதால் அவரே எடிட்டர். இந்த விவரத்தை நான் அப்போது கவனிக்காமல் விட்டேன். கோபியும் விட்டுவிட்டான்.

ஒரு விநியோகஸ்தர் படத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டார். அவர் எடுத்தால் படம் தியேட்டருக்கு வரும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் போகும். தி.நகரிலேயே ஒரு சின்ன பிரிவ்யூ தியேட்டர், மத்தியானக் காட்சி. குடும்பத்தையும் அழைத்து வா, கூட்டம் தெரிந்தால் நல்லது என்றான் கோபி. அப்பா போன பிறகு முதல்முறையாக அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். தலையைப் படிய வாரியிருந்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நானும் மீனாவும் திட்டம் போட்டிருந்தோம். கடைசிச் சண்டை தொடங்கி, பானைகள் உடைய ஆரம்பித்ததும் மீனா தலைவலி என்று சொல்லி அம்மாவைக் காப்பிக்கு வெளியே அழைத்துப் போக வேண்டும். நான் சாகிறதும் கிடத்தப்படுவதும் அவர்கள் காப்பி குடிக்கும்போது நடந்து முடிந்துவிடும். திரும்பி வந்தால் விளக்கு போட்டிருப்பார்கள். ஒரு தாயிடமிருந்து ஒரு பிணத்தை மறைக்க இதைவிட நல்ல யோசனை எங்களுக்கு வரவில்லை.

அம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். முன்வரிசையில் விநியோகஸ்தர், அவர் ஆட்கள். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் முதலில் தெரிந்தது இரண்டு கால். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் ஐந்து நிமிஷத்தில் ஆளை அசத்தாவிட்டால் அந்த விநியோகஸ்தர் எழுந்து போய்விடுவார் என்று யாரோ கோபியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் அன்று காலை பத்ரிக்குப் போன் போட்டு, கடைசியில் வருகிற பிணத்தை எடுத்து ஆரம்பத்திலும் ஒரு தடவை வைத்துவிடுங்கள், அங்கிருந்து கதை பின்னால் போகட்டும் என்றிருக்கிறான். பத்ரியும் செய்துவிட்டார். போட்டுப் பார்க்க நேரமில்லை.

கேமரா காலிலிருந்து மெல்ல மேலே ஏறியது. என் முகம் வருவதற்கு முன்பே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பெற்றவளுக்குக் கால் விரல் போதும். மாலை வந்தது. வாய்க்கட்டு வந்தது. பஞ்சு வந்தது. நெற்றியில் காசோடு நான் முழுத் திரைக்கும் செத்துக் கிடந்தேன். அம்மாவின் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அப்பாவைக் கிடத்தியபோது வந்த அதே சத்தம். மீனா எழுந்து, "அத்தை, வெளிய போலாம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, ஆனால் மணிக்கட்டை நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த அற்பப் பெருமைக்காக இவளை இங்கே கூட்டிவந்தோமே என்று என்னை நானே மனதுக்குள் செருப்பால் அடித்துக்கொண்டேன்.

அப்போது தங்கராசு கண்ணைத் திறந்தான்.

மிக மெதுவாகத் திறந்தான். பத்ரி அதை ஸ்லோ மோஷனில் போட்டிருந்தார். உதடு பிரிந்தது, ஒவ்வொரு பல்லாகத் தெரிந்தது, கடைவாய்ப் பல் வரை வந்தது. காசு நெற்றியிலிருந்து வழுக்கி, காற்றில் புரண்டு புரண்டு மடியில் விழுந்தது. மூக்கில் பஞ்சோடும் தலையில் வாய்க்கட்டோடும் பிணம் எழுந்து உட்கார்ந்து, முகூர்த்தம் முடிந்த மாப்பிள்ளை மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. ஓரங்களில் மென்மையாக வெள்ளை ஒளி படர்ந்தது. (ரோஜா இதழும் விழுந்தது என்று மீனா இன்றும் சாதிக்கிறாள். நான் பார்க்கவில்லை.)

தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு முன்வரிசையில் விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் இருமுவது போல ஒரு சத்தம் செய்தார். அவ்வளவுதான், கொட்டகை முழுக்க வெடித்தது. படத்தை நிறுத்தச் சொல்ல கோபி எழுந்து ஓடினான். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். கோபியின் தலை நிழல் திரையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேலே என் சிரிப்பு நின்று நிதானமாகத் தொடர்ந்தது. அது முடிவதற்குள் எனக்கு வயதே கூடிவிட்டது.

பக்கத்தில் அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அணைத்துக்கொண்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, மூச்சு முட்டியது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. நானும் மீனாவும் படத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காப்பிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முழுப் படத்தையும் பார்த்தாள். பானை உடைந்ததைப் பார்த்தாள், நான் குத்துப்பட்டுச் சரிந்ததையும் பார்த்தாள். கடைசியில் ஜெயில் வாசலில் மறுபடியும் என்னைக் கிடத்தினார்கள். அம்மா முன்னால் சாய்ந்து, முன்வரிசைக்காரரின் தோளைத் தட்டி, "இப்பம் எந்திரிப்பான், பாருங்க" என்றாள். இந்த இடத்தில் மட்டும் கோபி பத்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து சரியாக வெட்டியிருந்தான். தங்கராசு எழவில்லை. திரை கறுத்தது. விளக்கு போடும் வரை அம்மா அப்படியே முன்னால் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விநியோகஸ்தர் கோபியின் தோளில் கை போட்டு, மரியாதையாகவே பேசினார். "தம்பி, சண்டை நல்லாருக்கு. பானையும் நல்லாருக்கு. ஆனா ஒருத்தன் பொணத்தைப் பாத்துச் சிரிச்சுட்டான்னா, அப்புறம் அவனை நம்மால அழ வைக்க முடியாது." படம் பெட்டிக்குள் போனது. கோபி வாசலில் வைத்துப் பத்ரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். பத்ரி பயப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் நின்றார்.

"அவ்வளவு பிரமாதமா சிரிச்சிருக்கார். அதைப் போய் யாராவது வெட்டுவாளா? இத்தனை வருஷத்துல ஒரு கல்யாணத்துலகூட நான் சிரிப்பை விட்டதில்லை."

கோபி இப்போது தரமணியில் கம்பெனிகளுக்குத் தீயணைப்புப் பயிற்சிப் படம் எடுக்கிறான். அவன் படங்களில் யாரும் சிரிப்பதில்லை.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அம்மா எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். பிறகு என் தொடையில் ஓர் அறை விட்டாள்.

"சவத்து மூதி. சாவ மாட்டேன்னு சொன்னேல்ல?"

(எங்கள் பக்கத்தில் இது ஆசையாகத் திட்டுவது. அப்பா போனதிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்கவில்லை.)

"ரெண்டாந்தடவ ஏன்ல எந்திரிக்கல?" என்று கேட்டாள்.

"அதுல வெட்டிட்டாங்கம்மா. செத்த மாதிரி நடிச்சா சிரிச்சிட்டுத்தான் எந்திரிக்கணுமாம். அது படத்துல வராது, ஆனா கட்டாயம் செய்யணுமாம். இல்லேன்னா ஆகாதாம்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். ஆட்டோ பனகல் பார்க் சிக்னலில் நின்றது. கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்கப்பாட்ட யாரும் சொல்லலியேடே" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு அழவும் ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக அழாததை அந்த ஆட்டோவில் அழுதாள். மீனா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ரேடியோவை அணைத்தார். மறுநாள் காலை அம்மா கடைக்கு வந்து, லைனிங் பீஸ்களை நான் அடுக்கியிருந்த லட்சணத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் முன்னால் பேசினாள்.

இப்போது அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் தூங்குகிறாள். சில நாள் அந்தத் தூக்கம் கொஞ்சம் அதிகமாகவே நீள்கிறது. வயதான தாய் தகப்பன் இருக்கிற வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். சத்தம் போடாமல் கதவைத் திறந்து, கட்டிலருகே போய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். அதை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறாள். கண்ணைத் திறக்காமலேயே, இருக்கிற நாலு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு சிரித்துக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.